கலந்து பிரித்த மாத்திரைகள்

பூண்டு வியாபாரத்தில் மூட்டையின் வாய்ப்பக்கத்தைப் பார்த்து ஏமாறாதவன் கிடையாது. மேலே கொழுத்த பூண்டாக இருக்கும். அடியில் என்ன கிடக்கிறது என்பது கடைக்குக் கொண்டுவந்து கொட்டினால்தான் தெரியும். அதனால் மண்டியில் நானும் பக்கத்துக் கடை பாயும் ஒரு பழக்கம் வைத்திருந்தோம். ஆளுக்குக் கொஞ்சம் மூட்டை எடுப்போம். எல்லாவற்றையும் என் கடையில் சாக்கு விரித்துக் கொட்டி, நன்றாகக் கலந்து, சரிபாதியாகப் பிரித்துக்கொள்வோம். நல்லது வந்தால் இரண்டு பேருக்கும், சொத்தை வந்தாலும் இரண்டு பேருக்கும். மற்ற வியாபாரிகள் எங்களைக் கேலி செய்வார்கள். ஆனால் எங்களுக்குள் ஒருநாளும் மனஸ்தாபம் வந்ததில்லை.

மாரடைப்பும் எங்களுக்கு அடுத்தடுத்துத்தான் வந்தது. முதலில் எனக்கு, பிறகு பாய்க்கு. ஆஸ்பத்திரியில் அவரைப் பார்க்கப் போனபோது, "இதுலயும் பங்குக்கு வந்துட்டீங்களா பாய்?" என்று கேட்டேன். மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு சிரித்தார்.

இரண்டு பேருக்கும் ஒரே டாக்டர், ஒரே பிரச்சினை. இதயத்தின் பம்பிங் குறைந்துவிட்டது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். ஒருநாள் டாக்டர் எங்கள் இருவரையும் உட்காரவைத்து, புது மருந்து ஒன்றை ஆராய்ச்சி செய்வதாகவும் விருப்பமிருந்தால் சேரலாம் என்றும் சொன்னார். வழக்கமான மாத்திரைகள் அப்படியே தொடரும். கூட ஒரு மாத்திரை தருவார்கள். சிலருக்கு அது அசல் மருந்தாக இருக்கும், சிலருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான். யாருக்கு எது என்பதைக் கம்ப்யூட்டர் முடிவு செய்யும்; வாங்குகிற எங்களுக்கும் தெரியாது, கொடுக்கிற டாக்டருக்கும் தெரியாது. பொறுமையாக எல்லாவற்றையும் விளக்கினார். சேர்ந்தோம்.

மாத்திரை டப்பாவோடு வெளியே வந்து டீக்கடையில் நின்றபோது நான்தான் புலம்ப ஆரம்பித்தேன். எனக்குப் புலம்பல் கைவந்த கலை. என் மனைவியைக் கேட்டால் சொல்வாள்.

"உங்களுக்கு அசல் வந்து எனக்குச் சுண்ணாம்பு வந்துச்சுன்னா? என் ராசிக்கு அப்படித்தான் பாய் வரும்."

பாய் டப்பாவைக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தார். "இதுக்கு ஏன் மாப்ள இம்புட்டு யோசனை? கலந்து பிரிச்சுக்குவோம். ரெண்டுல ஒண்ணு அசலா இருந்தா ஆளுக்குப் பாதியாச்சும் கெடைக்கும்ல?"

எங்கள் மூளை எப்படி வேலை செய்தது பாருங்கள். அன்றைக்கே கடைக்குப் போய் இரண்டு டப்பாவையும் தராசுத் தட்டில் கவிழ்த்தோம். கையால் அளாவிவிட்டுப் பிரித்துக்கொண்டோம். புது டப்பா வரும்போதெல்லாம் இதையேதான் செய்தோம். ஆராய்ச்சிப் பிரிவில் ஒரு பெண் உண்டு, மிச்ச மாத்திரையை எண்ணி வாங்குகிறவள். "வேற யாருக்கும் குடுக்கலையே சார்?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பாள். "எங்க மாத்திரைய எவன்மா கேக்கப் போறான்?" என்பேன். அந்தப் பெண்ணும் சிரிப்பாள். டாக்டரையும் கம்ப்யூட்டரையும் ஏமாற்றிவிட்ட பெருமை எனக்குத் தாங்கவில்லை.

எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மூச்சிரைப்பு குறைந்தது. பம்பிங் சற்று ஏறியிருப்பதாகச் சொன்னார்கள். பாய்க்கு ஏறவில்லை. அவருக்கு ஆரம்பத்திலேயே என்னைவிட அடி பலம்.

அப்புறம் அவருக்கு வயிற்று வலி வந்தது. மலத்தில் ரத்தம் போனதை வெகுநாளாக மூலவியாதி என்றே நினைத்திருக்கிறார். பரிசோதித்தபோது பெருங்குடலில் புற்றுநோய்க் கட்டி. சீக்கிரம் அறுத்து எடுத்துவிட்டால் பிழைக்கலாம், ஆனால் இவ்வளவு குறைந்த பம்பிங்கில் மயக்க மருந்து கொடுப்பது ஆபத்து என்று புற்றுநோய் டாக்டர் தயங்கினார். ஆராய்ச்சியில் இவருக்குக் கிடைத்தது எது என்று தெரிந்தாக வேண்டும் என்றார். கம்ப்யூட்டரில் பாயின் கணக்கை மட்டும் திறந்து பார்த்தார்கள். அசல் மருந்து.

எங்கள் இதய டாக்டர் வருத்தத்தோடு சொன்னார்: "இந்த மருந்தை முழுசா சாப்பிட்டும் ஏறலைன்னா இனிமே ஏறும்னு நம்பி ஆபரேஷனுக்கு அனுப்ப முடியாது பாய்." அறுவை வேண்டாம், தாங்குகிற அளவுக்கு மெல்லிய கீமோ மட்டும் கொடுப்போம் என்று முடிவானது. அவருக்கு அந்த ஆராய்ச்சி மாத்திரையையும் நிறுத்திவிட்டார்கள். நான் அதே அறையில், பாய்க்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அவர் முழுசாகச் சாப்பிடவில்லை என்று உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும்.

வெளியே வந்ததும் பாய் என் கையைப் பிடித்தார். "வாயத் திறந்துறாத மாப்ள. உன்னையும் வெளிய தூக்கிருவாங்க. உனக்குத்தான் ஏறிக்கிட்டு வருதுல்ல."

அவர் சொன்னார், நான் கேட்டுக்கொண்டேன். என்னைவிட வசதியான கோழை எவன் இருப்பான்? அன்று இரவு எனக்கு நானே ஒரு சமாதானமும் கண்டுபிடித்தேன். என் டப்பாவில் இருந்ததும் அசலாக இருக்கலாம் அல்லவா? இரண்டுமே அசல் என்றால் கலந்தாலும் பாய் சாப்பிட்டது முழு மருந்துதான். சொல்ல வேண்டியதே ஒன்றுமில்லை. அதைத் தெரிந்துகொள்ள ஒரே வழி டாக்டரிடம் உண்மையைச் சொல்வது. அதை மட்டும் நான் செய்யவில்லை. திருப்பரங்குன்றத்துக்குப் போய் என் டப்பாவும் அசலாக இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். முருகன் இதற்கு என்ன செய்வார்? வாரங்கள் ஓடின.

கீமோ நாட்களில் நான்தான் ஆட்டோவில் கூட்டிப் போவேன். ஒருநாள் லிப்ட் வேலை செய்யவில்லை. பேச்சுவாக்கில் நான் விறுவிறுவென்று மேலே ஏறிப் போய்விட்டேன். திரும்பிப் பார்த்தால் பாய் கீழேயே கைப்பிடியைப் பிடித்தபடி, வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறார். என் கால்கள் வலிக்கவே இல்லை. அது எனக்குத் தாங்க முடியாத அவமானமாக இருந்தது. அவரைக் கொண்டுபோய்ப் படுக்கவைத்துவிட்டு நேராக இதய டாக்டரிடம் போய்ச் சொன்னேன்.

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. போனில் யார் யாரிடமோ பேசினார். என் கணக்கையும் திறந்தார்கள். வெறும் மாத்திரை.

"அன்னைக்கு இதே ரூம்ல தானே உக்காந்திருந்தீங்க?" என்று மட்டும் கேட்டார். பிறகு, "உங்களை மாதிரி எத்தனையோ பேருக்கு இந்த மருந்து உதவுமான்னு பாக்கத்தான் இம்புட்டு பேர் பாடுபடுறோம்," என்றார். அந்த முகம் தெரியாத மனிதர்களை நான் அதுவரை நினைத்துப் பார்த்ததே இல்லை. அவர்களுக்கும் சேர்த்து நான் கெடுதல் செய்திருக்கிறேன்.

பாயிடம் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. "அப்ப என்னுதுல பாதி உனக்குள்ள ஓடுது. ஓடட்டும்," என்றார். அடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

நான் ஆராய்ச்சியிலிருந்து விலக்கப்பட்டேன். பாய்க்கு அனுமதி வாங்கி முழு மருந்தும் கொடுத்தார்கள். பம்பிங் ஏறியது. அறுவை செய்யலாம் என்கிற அளவுக்கே ஏறியது. ஆனால் அறுவைக்கு முன் எடுத்த ஸ்கேனில் ஈரலிலும் புள்ளிகள் தெரிந்தன. இனி அறுத்துப் பயனில்லை என்றார்கள். நான் முன்பே சொல்லியிருந்தால் தப்பியிருப்பாரா என்று டாக்டரிடம் கேட்டேன். உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

போன மாதம் எனக்கு எக்கோ எடுத்தார்கள். பம்பிங் நன்றாகவே ஏறியிருந்தது. அது அந்தப் பாதி மருந்தாலா, மற்ற மாத்திரைகளாலா என்று டாக்டரால் சொல்ல முடியவில்லை. எனக்குச் சந்தேகமே இல்லை. ரிப்போர்ட்டைப் பையில் போட்டுக்கொண்டு நேராகக் கோரிப்பாளையத்தில் பாய் வீட்டுக்குப் போனேன். பாய் கட்டிலில் கிடந்தார். ஆள் பாதியாகியிருந்தார்.

"வா மாப்ள. பம்பிங் எம்புட்டு இருக்கு உனக்கு?"

அவர் மருந்தைத் தின்று நான் தேறிவிட்டேன் என்று அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எப்படிச் சொல்வது? வெட்கம் நாக்கைப் பிடித்துக்கொண்டது.

"அப்படியேதான் இருக்கு பாய். ஒண்ணும் ஏறல."

பாய் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். தூங்கட்டும் என்று எழுந்து வந்தேன். வாசலில் அவர் மனைவி பின்னாலேயே வந்தார்.

"அண்ணே, நெசமாவே ஏறலையா? காலையிலருந்து இதயேதான் கேட்டுக்கிட்டுக் கெடந்தாக. 'எனக்குப் போனாப் போகுது, மாப்ளைக்காச்சும் பிடிச்சிருச்சுன்னா அது வீணாப் போகல'ன்னு சொல்லிச் சொல்லி அல்லாகிட்ட துவாக் கேட்டாக."

போட்ட செருப்பை உதறிவிட்டு உள்ளே ஓடினேன். "பாய், பொய் சொல்லிட்டேன். நல்லா ஏறியிருக்கு. இங்க பாருங்க." ரிப்போர்ட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். கண்ணாடி கூடப் போட்டுக்கொள்ளாமல் அதை வாங்கி நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டார். இன்னொரு கையால் என் கையைத் தட்டிக்கொடுத்தார்.

"வாசல்ல அவ என்னமோ சொல்லியிருக்கா," என்றார். "எனக்காக இப்படியெல்லாம் சொல்ல வேணாம் மாப்ள. விடு."