சிவப்புக் கட்டை

கை வராமல் படுத்திருக்கிற மனுசனுக்கு விளையாட்டு ஒரு கேடா என்று கேட்டவர்களுக்கு அன்றைக்கும் நான் தலைகுனியவில்லை. இன்றைக்கும் குனிய மாட்டேன்.

தொண்ணூறுகளின் நடுவில் என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் பாதிப் பேச்சும் போயின. சிங்காநல்லூரில் அவர் கணக்கு எழுதிய மில்லில், கழித்துப்போட்ட கம்ப்யூட்டர் ஒன்றைக் கொடுத்தனுப்பினார்கள். அதில் ஓர் ஆட்டம் இருந்தது. மேலிருந்து விழும் கட்டைகளைச் சந்து விடாமல் அடுக்க வேண்டும். இடது கை விரல்களே போதும். சோறு ஊட்டப் போனால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர், அதன் முன்னால் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தார். முருகன் அனுப்பிய மருந்து என்றே நான் நம்பினேன்.

ஒரு நாள் அந்தக் கம்ப்யூட்டரின் பச்சைத் திரை அணைந்துபோனது. ஒயர் முனையில் ஒன்பது ஊசி வைத்த அந்த மாதிரித் திரை இனிக் கிடைக்காது என்றார் கம்ப்யூட்டர் கடைக்காரத் தம்பி. பெட்டிக்குள் வேறு கார்டு போட்டு, பதினைந்து ஊசி ஒயரோடு கலர் மானிட்டர் கொண்டுவந்தார். நல்ல நாளாக இருக்கட்டும் என்று ஆயுத பூஜையன்று மாட்டினோம்.

ஆட்டம் வந்தது. ஆனால் ஒரு வகைக் கட்டை மட்டும் கண்ணுக்கே தெரியவில்லை. அது இருட்டில் எங்கேயோ போய் உட்கார, அடுக்கியதெல்லாம் குளறுபடியாகும். பழைய கம்ப்யூட்டர் ஆட்டம் புதுத் திரையில் இப்படித்தான் என்று கடைக்காரத் தம்பி கைவிரித்தார். என் வீட்டுக்காரர் கீபோர்டைத் தள்ளிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அன்று சாப்பிடவும் இல்லை.

பூஜைக்குப் பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து வந்திருந்த அவருடைய அண்ணனுக்கு இது தோதாகிவிட்டது.

"சாமியே வேண்டாங்குது அம்மணி. திருப்பிக் குடுத்துப்போடு. முருகா முருகான்னு கெடக்க வேண்டியவன் கட்டை அடுக்கறானாக்கும்."

"முருகான்னு ரெண்டு பேருக்கும் சேத்து நான் சொல்லிக்கறனுங்க. அவரு ஆடட்டும்."

அண்ணனை எதிர்த்து நான் பேசியது அதுதான் முதல் தடவை.  

மறுநாள் அண்ணனே சொல்லியனுப்பி, மானிட்டரைத் தூக்கிப்போகக் கடைக்காரத் தம்பி வந்துவிட்டார். ஒயரை உருவியபோது மேசைமேல் மஞ்சளாகத் தூள் உதிர்ந்தது. எடுத்து மோந்தேன். சந்தனம். பூஜையன்று பொட்டு வைத்தவர் அண்ணன்தான். எதுவும் விட்டுப்போகக் கூடாதென்று, மாட்டுவதற்கு முன்னாலேயே ஒயரின் வாய்க்கும் தாராளமாக வைத்திருக்கிறார். ஊசிகளுக்கு நடுவே அது காய்ந்து கெட்டிப்பட்டிருந்தது.

"தம்பி, அதைக் கீழ வைங்க."

இதனால் இருக்காதுங்க என்று அவர் சிரித்தார். சிரிக்கட்டும். பழைய பல் பிரஷ்ஷால் ஊசிகளைத் தேய்த்தேன். பெட்டியின் ஓட்டைகளில் ஒட்டியிருந்ததை ஈர்க்குச்சியால் நோண்டினேன். மறுபடி மாட்டச் சொன்னேன். அவர் மாட்டினார்.

மேலிருந்து ஒரு கட்டை இறங்கியது. குங்குமச் சிவப்பு. சிவப்பைக் கொண்டுவரும் ஊசியைத்தான் சந்தனம் அடைத்திருக்கிறது.

என் வீட்டுக்காரர் சுவரிலிருந்து திரும்பினார். யாரையும் கூப்பிடாமல் கட்டிலைப் பிடித்து எழுந்து வந்து உட்கார்ந்தார். அண்ணன் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்; மேசைமேல் உதிர்ந்த சந்தனத்தை நான் துடைத்துவிட்டேன். ஓர் ஆட்டம் முடித்ததும் இவர் பக்கத்து ஸ்டூலுக்கு நகர்ந்து, இடது கையால் நாற்காலியைத் தட்டி அண்ணனை அழைத்தார். அவரும் வீறாப்பாக உட்கார்ந்தார். நான் காப்பி கலந்து வருவதற்குள் தோற்றார். இன்னொருக்கா என்றார். அதிலும் தோற்றார். இவர் கோணிய வாயோடு சத்தமாகச் சிரித்தார். அண்ணன் மூன்றாவது ஆட்டத்துக்கு விரலை வைத்தபோது நான் டம்ளரை நீட்டினேன்.

"போதுமுங்க, எந்திரிங்க. அவரு ஆடோணும்."