பதினான்காம் குறிப்பு

வாங்க எடுத்த தாழ்ப்பாளின் கம்பியை, காசு கொடுக்கும் முன் ஜெயகுமாரி கைப்பையிலிருந்து வெர்னியர் அளவுகோலை எடுத்து அளக்கிறார். அட்டையில் பத்து மில்லிமீட்டர் என்று போட்டிருக்கிறது. இருப்பது எட்டரை.

"எல்லாரும் இதான்மா வாங்கிகினு போறாங்கோ" என்று சலித்துக்கொள்கிறார் குமணன்சாவடி ஹார்டுவேர் கடைக்காரர்.

"எல்லாரும் வாங்குனா எட்டரை பத்தாயிடுமா?"

தாழ்ப்பாளைத் திரும்ப வைத்துவிட்டு ஸ்கூட்டியைக் கிளப்புகிறார்.

வயது ஐம்பத்தாறு. அப்பா ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவர், வளர்ந்தது குவார்ட்டர்ஸில். இப்போது அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒற்றை அறை. பட்டறைகளின் அளவுக் கருவிகளைச் சரிபார்த்துக் கொடுப்பதுதான் தொழில். மாதம் ஒருமுறை பட்டறை பட்டறையாகப் போவார். முதலாளியைப் பார்ப்பதற்கு முன் மெஷினில் நிற்கும் பெண்களைப் பார்த்துவிடுவார். யாருக்குத் தோள் வலி, யார் மகள் பத்தாவது எழுதுகிறாள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

சம்பளமில்லாத வேலை ஒன்றும் உண்டு. தகட்டை அடித்து வளைக்கும் பவர் பிரஸ் வைத்திருக்கும் நாற்பத்தேழு சிறு பட்டறைகள் சேர்ந்து ஒரு தரக் குழு நடத்துகின்றன. எந்த மெஷினுக்கு என்ன தடுப்பு, எந்த வேலைக்கு என்ன அளவு என்று குறிப்பு எழுதுவார்கள்; எழுதியபடி எல்லாப் பட்டறையும் நடக்கும். அமைப்பாளர் ஜெயகுமாரி. அங்கே வாக்கெடுப்பு கிடையாது. ஒரே ஒருவர் வேண்டாம் என்றாலும் குறிப்பு நின்றுபோகும். அந்த விதியை எழுதியவரும் அவர்தான். வாக்குக்கு விட்டால், பெரிய பட்டறைக்காரர் தன்னிடம் ஆர்டர் வாங்கிச் செய்யும் பத்துப் பேரைக் கூட்டி வந்து, ஒற்றை மெஷின்காரரின் வாயை அடைத்துவிடுவார் என்ற பயம் அவருக்கு. யாராவது கை தூக்கினால், "கையத் தூக்காதீங்க, வாயத் தொறங்க" என்பார்.

பதினான்காம் குறிப்பு ஒரு பக்கம்கூட வராது. இனி பிரஸ்ஸைக் கால் பெடலால் இயக்கக் கூடாது. இரண்டு கையாலும் இரண்டு பட்டனைச் சேர்த்து அழுத்தினால்தான் மெஷின் இறங்க வேண்டும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் அச்சுக்குள் விரல் போகாது. அவ்வளவுதான். நாற்பத்தாறு பேர் ஒப்புக்கொண்டார்கள். சென்னீர்குப்பம் கஜபதி மட்டும் ஒவ்வொரு முறையும், "எனக்கு ஒத்து வர்லமா, அடுத்த தபா பாக்கலாம்" என்றார். ஏன் என்று கேட்டால் சிரிப்பார். பெடல் வேகம் பட்டனில் வராது என்பது எல்லோருக்கும் தெரியும். அதைச் சொல்லிக்காட்ட யாரும் துணியவில்லை. நான்கு வருடம், பத்தொன்பது கூட்டம். 'ஒத்திவைக்கப்பட்டது' என்று பத்தொன்பது முறையும் எழுதியது ஜெயகுமாரியின் கை.

ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணிக்கு, கஜபதியின் பட்டறையில் பிரஸ்ஸில் நின்ற நாகவல்லியின் கால் பெடலில் வழுக்கியது. வலது கையில் கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது.

ஆஸ்பத்திரிச் செலவு முழுவதையும் கஜபதியே ஏற்றுக்கொண்டார். வராந்தாவில் முகத்தைப் பொத்திக்கொண்டு அழவும் செய்தார். ஜெயகுமாரி அதைப் பார்த்தார். கஜபதி மோசமான ஆள் என்று இன்றுவரை ஜெயகுமாரி சொல்வதில்லை.

கட்டுப்போட்ட கையைத் தலையணை மேல் வைத்திருந்தாள் நாகவல்லி. முப்பத்தொரு வயது.

"யக்கா, அந்த ரெண்டு கை பட்டன் பேப்பர் காட்னியே. அது இன்னா ஆச்சு?"

"பேசிக்கிட்டு..." என்று தொடங்கிய ஜெயகுமாரியால் அந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை.

அடுத்த கூட்டத்துக்கு அவர் புது விதியோடு வந்தார். ஆட்சேபிப்பவர் காரணத்தை எழுதித் தர வேண்டும். குழு ஒரு மாதம் அதைச் சோதித்துப் பார்க்கும். காரணம் சரியென்று நின்றால் குறிப்பு கைவிடப்படும். காரணம் நிற்காவிட்டால் குறிப்பு நிறைவேறும், எதிர்ப்பவர் எத்தனை பேராக இருந்தாலும்.

முதலில் எழுந்தவர் வேப்பம்பட்டில் ஒற்றை மெஷின் வைத்திருக்கும் அந்தோணிராஜ். "இன்னிக்கு அவரு, நாளைக்கு நானு. எங்கள மாதிரி ஆளுக்குத்தானம்மா அந்த ரூல எழுதுன?"

"உங்க காரணம் சரியா இருந்தா, நீங்க ஒரே ஆளா இருந்தாலும் ஜெயிப்பீங்கண்ணே. காரணமே சொல்லாம மறிக்கத்தான் முடியாது."

அந்தோணிராஜ் யோசித்துவிட்டு உட்கார்ந்தார். அடுத்து எழுந்த கஜபதி உட்காரவில்லை.

"அவ கால் வழுக்கிச்சு. அதுக்கு மெஷின் இன்னா பண்ணும்? காரணம் எய்திக் குடுக்க நான் இன்னா பரீச்சையா எய்துறேன்? எனக்கு இந்தப் புது ரூலும் ஒத்து வர்ல. முடிஞ்சிச்சா?"

உண்மையில் முடிந்துதான் போயிருந்தது. விதியை மாற்றவும் எல்லோரும் ஒப்ப வேண்டும் என்பதே விதி. ஜெயகுமாரி குறிப்பேட்டைத் திறந்தார். 'ஓர் ஆட்சேபணை. காரணம் கூறப்படவில்லை. புதிய விதி ஏற்கப்பட்டது' என்று எழுதி, எழுதியதை உரக்கப் படித்தார். பதினான்காம் குறிப்புக்கும் அதையே எழுதினார்.

"நீ எய்துன ரூல நீயே ஒட்ச்சிட்டமா" என்றார் கஜபதி. குரலில் கோபத்தைவிட வியப்பே அதிகம் இருந்தது.

ஜெயகுமாரி குறிப்பேட்டை மூடினார். கஜபதி சொன்னது சரிதான். அவர் வெளியே போனார். அவரிடம் ஆர்டர் வாங்கிச் செய்யும் பதினோரு பட்டறைக்காரர்களும் ஒருவர் பின் ஒருவராகச் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார்கள்.

மற்ற முப்பத்தைந்து பட்டறைகளில் பட்டன் வந்துவிட்டது. அந்தப் பன்னிரண்டில் ஜெயகுமாரியை இப்போது வாசலோடு திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். நாகவல்லியை அங்கேயே பெருக்கும் வேலையில் வைத்திருக்கிறார் கஜபதி. அவள் போனில் சொன்னாள்: "உங்குளுது பாஸ் ஆயிடுச்சாமே. இங்க இன்னும் பெடலுதாங்கா கீது. என் மெஷின்ல இப்போ சௌம்யாவ நிக்க வெச்சிகிறாங்கோ."

"அவகிட்ட பாத்து..." என்றார் ஜெயகுமாரி. வேறு என்ன சொல்வது?

கடந்த மாதக் கூட்டத்தில் செயலாளர் வினோத் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். விலகிப்போன பன்னிரண்டு பட்டறைகளைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம். அங்கே எது நடந்தாலும் நமக்குக் கெட்ட பேர் வராது. எல்லோருக்கும் சம்மதம். டீ வந்துவிட்டது. அந்தோணிராஜ்கூடத் தலையசைத்தார்.

"எனக்கு ஒத்துக்கல" என்றார் ஜெயகுமாரி.

வினோத் தயங்கினார். "மேடம், காரணத்த எழுதித் தரணும். நீங்க கொண்டாந்ததுதான்."

"குடுங்க."

ஆட்சேபணைத் தாளில் காரணத்துக்கு நான்கு வரி இடம் விட்டிருந்தது. ஜெயகுமாரி பேனாவை எடுத்து, அந்தப் பன்னிரண்டு பட்டறைகளிலும் பிரஸ்ஸில் நிற்பவர்களின் பெயர்களை எழுதத் தொடங்கினார். சௌம்யா. குப்பம்மா. ஷைலா. நான்கு வரியும் நிரம்பியது. ஓரங்களும் நிரம்பின. டீ ஆறிக்கொண்டிருந்தது, யாரும் எடுக்கவில்லை. அவர் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டே போனார்.