பதூவிகள் கேட்காத கேள்வி

கல்யாணமான ஐந்தாம் வருடம் என் கணவர் கொழும்புக் கடை வேலையிலிருந்து திரும்பி வந்தார். பெட்டி நிறையச் சோப்பு, தலை நிறையச் சீர்திருத்தம். கூட வேலை பார்த்த ஒருவரிடம் கற்றுக்கொண்டாராம்.

மாலைதோறும் எனக்குப் பாடம் நடக்கும். இருநூறு வருடங்களுக்கு முன் நஜ்து என்ற பாலைநிலத்தில் மார்க்கம் கற்ற ஓர் ஆலிமும் ஒரு தலைவரும் கைகோத்த கதை. இறைநேசர்களை அடக்கிய கபுருகளின் மேலிருந்த குவிமாடங்களை இடித்தது, மக்கள் நேர்ச்சை செய்த மரங்களை வெட்டியது, பிற்காலத்தில் கூடாரவாசிகளான பதூவிகளை ஊர்களில் குடியேற்றி இந்த வழிக்குக் கொண்டுவந்தது எல்லாம் சொல்வார்.

"கொழும்புக்குப் போனவன் சோப்போட நிறுத்தியிருக்கலாம்" என்பார் மாமியார்.

எனக்குப் பதூவிகளைப் பிடித்துப்போயிற்று. அடுத்த குலத்து ஒட்டகத்தைக் கொள்ளையடிப்பவர்கள்தான். ஆனால் கூடாரத்துக்குள் யார் நுழைந்தாலும் மூன்று நாள் சோறும் பாதுகாப்பும் உண்டு. ஏன் வந்தாய் என்று அதுவரை கேட்கவே மாட்டார்கள்.

"நம்ம சனத்துக்கு அந்தப் பண்பு உண்டா?" என்று கண்கலங்கினார் கணவர்.

எங்கள் ஊர்த் தர்காவில் அடங்கிய இறைநேசருக்கான கந்தூரி விழா நெருங்கியது. வருடாவருடம் என் பிறந்த வீட்டார் ஆலங்குடியிலிருந்து வந்து எங்கள் வீட்டில் தங்கித்தான் தர்காவுக்குப் போவார்கள்.

"இந்த வருசம் கந்தூரின்னு சொல்லிக்கிட்டு ஒருத்தரும் இங்கிட்டு வரக் கூடாது" என்றார் அவர்.

நான் தலையாட்டினேன். மறுநாளே ஆலங்குடி போன தேங்காய் வியாபாரியிடம் சொல்லி அனுப்பினேன்: "எல்லாரும் வாங்க. எதுக்கு வந்தோம்னு மட்டும் சொல்லாதீங்க."

வந்தார்கள். அத்தா, அம்மா, சின்னம்மா, அவர் பிள்ளைகள், கழுத்தில் பச்சைத் துணி கட்டிய கிடா ஒன்று.

"வாங்க மாமா. என்ன திடீர்னு…" என்று அவர் தொடங்கியதும் அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தேன்.

"மச்சான், மூணு நாளைக்கு அதக் கேக்கக் கூடாதே!"

அவர் என்னைப் பார்த்தார், கிடாவைப் பார்த்தார். மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டார். சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டவர் என் கணவர். மூன்று நாளும் தானே மீன் வாங்கி வந்து உபசரித்தார். மாலையானால் நாங்கள் புதுச்சேலை உடுத்தி, அத்தர் மணக்க, 'கடல் காற்று வாங்க'ப் போவோம். அவர் வாசலைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்.

நான்காம் நாள் காலைத் தொழுகை முடிந்த கையோடு அத்தாவைப் பிடித்துக்கொண்டார்.

"இப்பச் சொல்லுங்க மாமா. எதுக்கு வந்தீங்க?"

"ஒங்களப் பாக்கத்தான் மாப்ள."

"கிடா?"

"அதுவும் ஒங்களப் பாத்துட்டுத்தான் போச்சு."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஆனாலும் விடவில்லை. பஸ் தாமதமாகவே, நிறுத்தத்தில் வைத்து நஜ்து முழுவதையும் என் வீட்டாருக்குச் சொல்லி முடித்தார். சின்னம்மா மட்டும் கவனமாகக் கேட்டார்.

"ஏன் மாப்ள, அந்தப் பாலைவனத்துல பொம்பளைங்க தண்ணிக்கு எங்கிட்டுப் போவாங்க?"

கணவர் பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தார். பஸ் வந்துவிட்டது.

வீடு திரும்பும் வழியில், "அதக் கொழும்புல அவரு சொல்லவே இல்லையே" என்றார்.

கடைசிவரை அவர் தர்காப் பக்கம் போகவில்லை. நான் போவதைத் தடுக்கவும் இல்லை.