நபீஸாவின் நெகட்டிவ்

மூதூர் லாபிருக்குக் கமராப் பைத்தியம். திருகோணமலைத் துறைமுகத்தில் கிளாக்கர் வேலை, நாளும் லாஞ்சிப் படகில் போய் வருகிற மனிதர். வெள்ளைக்காரக் கப்பல்படை மூட்டைகட்டிப் போன காலத்தில் ஒருவனிடம் அந்தக் கமராவை வாங்கிவிட்டார். அதற்குப் பிறகு ஆளைப் பிடிக்க முடியவில்லை. இறங்குதுறை, வள்ளம், வெருகல் ஆற்று மணல் என்று கண்டதையெல்லாம் எடுத்து, குசினியை இருட்டாக்கி அங்கேயே கழுவுவார். சோறு எங்கே ஆக்குவது என்று மனைவி நபீஸா கேட்டால் காதில் விழாது.

எடுக்காதது அவள் முகம் ஒன்றைத்தான். உருவப்படம் இருக்கிற வீட்டுக்கு வானத்து மலக்குமார் வரமாட்டார்கள் என்று அவளுக்கு ஒரே பிடிவாதம். மகள் வயிற்றில் இருந்தபோது ஒரு பின்னேரம், என்ன நினைத்தாளோ, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கிணற்றடியில் வந்து நின்றாள்.

"எடுங்க. ஆனா கடுதாசியில அடிக்கப்படாது. நாலு பேருக்கு முன்னால அது கிடக்கப்படாது."

"சத்தியமா அடிக்க மாட்டன்."

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், பாவி மனிதர்! மகளைப் பெற்றுவிட்டு நபீஸா மௌத்தாகிப் போன பிறகும் அடிக்கவில்லை. பிஸ்கட் தகரத்திலிருந்து நெகட்டிவை எடுத்து விளக்குக்கு நேரே பிடிப்பார். முகம் கறுத்து, கண் வெளுத்துத் தெரியும். அதற்குள் அவளைக் கண்டுபிடிக்க அவருக்குத் தெரியும். எடுத்த படங்களுக்குள் அதுதான் திறமென்பார்.

அறுபத்து நாலில் சூறாவளி அடித்துக் கடல் வீட்டுக்குள் வந்தது. மகளைத் தோளில் போட்டுக்கொண்டு பள்ளிவாசலுக்கு ஓடினார். திரும்பி வந்து பார்த்தால் தகரம் முட்ட உப்புத் தண்ணீர். ஆனால் படங்கள் அழியவில்லை. நபீஸாவும் இருந்தாள்.

நல்ல தண்ணீரில் அலசி நிழலில் தொங்கவிட வேண்டும் என்று தெரியாத ஆளா அவர்? குசினியில் எத்தனை சுருளை அப்படிக் காயவிட்டவர். பதறிய நேரத்தில் அது ஒன்றும் நினைவில் நிற்கவில்லை. கடற்கரையில் பிறந்தவனுக்கு நனைந்ததைக் கண்டால் வெயிலுக்குத்தான் கை போகும். பாயை விரித்து, கருவாடு போடுகிற மாதிரி ஒவ்வொன்றாகப் பரப்பினார். காகம் கொத்தாமல் பக்கத்தில் குந்தியிருந்து காவலும் காத்தார். வெயில் ஏற ஏற, ஊறியிருந்த மேல்பூச்சு இளகி வழிந்தது. அவர் பார்த்து உரித்தெடுத்தபோது கையில் வெறும் பிலிம்தான் வந்தது. நபீஸாவின் முகம் பாயில் ஒட்டிக் கிடந்தது.

மகள் ஜெமீலா வளர்ந்து, கலியாணமும் பேசி முடிந்தது. ஒருநாள் தலைவாரிக்கொண்டே கேட்டாள்.

"வாப்பா, உம்மா பாக்க எப்பிடி இருந்தவ?"

எந்தப் படத்தை எந்த வெளிச்சத்தில் எடுத்தேன் என்று மணிக்கணக்காகக் கதைக்கிற மனிதர் வாயைத் திறந்தார். கிணற்றடி நினைவுக்கு வந்தது. முக்காட்டின் கரை வந்தது. முகம் வரவில்லை. எப்போது போனதென்றும் தெரியவில்லை. எழுந்துபோய்த் தகரத்தைத் திறந்து அந்த வெறும் பிலிம் துண்டை எடுத்துக் கொடுத்தார்.

ஜெமீலா அதை யன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள்.

"இதுல ஒண்டுமில்லையே, வாப்பா."

"ஓம் மகள்," என்றார். "நல்ல வடிவா இருந்தவ."

எந்தப் பெண்ணைப் பற்றியும் எவரும் சொல்கிற சொல்தான் அது. அவரிடம் அதற்கு மேல் ஒன்றும் இருக்கவில்லை.