ஸ்பொஞ் வைத்த கையுறை

ஒரு பக்கம் மஞ்சள், மறுபக்கம் பச்சைச் சுரசுரப்பு. பாத்திரம் கழுவுகிற அந்தச் சாதாரண ஸ்பொஞ்சைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் உள்ளங்கை வியர்க்கும். பாத்திரம் கழுவப் பஞ்சிப்படுகிறேன் என்றுதான் மனைவி நினைக்கிறாள். அந்த நினைப்பை நான் திருத்தவில்லை, சோம்பலும் உண்மைதானே. சென்ற நத்தார்ப் பண்டிகைக்கு, லொசானுக்குப் பக்கத்தில் இருக்கிற அக்கா வீட்டுக்குப் போயிருந்தோம். சாப்பாடு முடிந்ததும் அக்கா குசினிக்குள் நின்று ஸ்பொஞ்சை என்னை நோக்கி எறிந்தார். கை நீட்டினால் எட்டுகிற தூரம். நான் கண்களை மூடிக்கொண்டு கைகளை நீட்டினேன். அது நெஞ்சில் பட்டு, அடிப்பிடித்த இறைச்சிச் சட்டிக்குள் விழுந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். "உங்கடை அப்பா ஒரு காலத்திலை பேஸ்போல் விளையாடினவர், தெரியுமோ?" என்றார் அக்கா. அவர்கள் இன்னும் பலமாகச் சிரித்தார்கள்.

உண்மையாகவே விளையாடினேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி, எனக்குப் பன்னிரண்டு வயது, நாங்கள் சுவிஸில் சூக் நகரத்தில் இருந்தோம். அங்கே ஒரு கம்பனியில் வேலை செய்த அமெரிக்கர் ஒருவர், தன் மகனுக்கு விளையாட ஆள் வேண்டுமே என்று ஊர்ப் பிள்ளைகளைக் கூட்டி ஓர் அணி சேர்த்திருந்தார். எல்லாருக்கும் அவர் ட்ரெய்னர். உதைபந்தாட்டத்தில் என்னை எடுக்கவில்லை, அதனால் இங்கே சேர்ந்தேன். கோடை முழுவதும் மைதானத்தின் வலது கோடியில் நின்றேன். அந்தப் பக்கம் பந்து வருவது அபூர்வம். வந்தாலும், அது உருண்டு களைத்து நிற்கும்வரை பொறுமையாகக் காத்திருந்துதான் எடுப்பேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியான உத்தியோகம் பிறகு எனக்குக் கிடைக்கவில்லை.

பிறகு இலையுதிர்காலப் பருவம் வந்தது. அந்த ஆட்டங்களின் வெற்றி தோல்வி எந்தப் பட்டியலிலும் ஏறாது என்பதால், கெட்டிக்காரரில் பாதிப்பேர் வரவில்லை. ட்ரெய்னருக்கோ அதுதான் பிடித்த பருவம். இப்போது எவரும் பழைய இடத்தில் நிற்கக்கூடாது, தோற்றாலும் பரவாயில்லை, பயப்படுகிற இடத்தில் நின்று பாருங்கள் என்றார். என்னை நடுமேட்டில் ஏற்றிப் பந்து எறியச் சொன்னார். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன் கழிப்பறைக்கு ஓடினேன். அந்த மைதானத்துக் கழிப்பறைக் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பது இன்றும் எனக்கு மறக்கவில்லை. ஒவ்வொரு முறையும் எறியமுன் சிலுவை அடையாளம் போட்டுக்கொள்வேன். என் பந்து எங்கே போகும் என்று தெரிந்திருந்தால், பந்தடிக்கிற துடுப்போடு எதிரே நின்றவனும் போட்டிருப்பான்.

அந்த நேரத்தில்தான் அக்கா வந்து சேர்ந்தார். பெரியம்மாவின் மகள், என்னிலும் இரண்டு வயது மூத்தவர். இலங்கைப் போருக்குத் தப்பி மன்னாரிலிருந்து வந்து, பெற்றோருடன் எங்கள் வீட்டு அறை ஒன்றில் இருந்தார். பெரியப்பாவுக்கு லொசான் பக்கத்து உணவகம் ஒன்றில் வேலை சரிவந்திருந்தது. நவம்பர் பிறக்கமுன் அவர்கள் அங்கே போய்விடுவார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். ஒரு நாள் நான் மறந்துவிட்டுப் போன தண்ணீர்ப் போத்தலைக் கொடுக்க மைதானத்துக்கு வந்தவரிடம், அன்று ஆள் குறைந்த தவிப்பில் ட்ரெய்னர் ஒரு கையுறையை நீட்டினார். அக்கா அதை வாங்கவில்லை. என்னிடம் திரும்பி, "இது எப்ப முடியும்?" என்று கேட்டார். ஒக்டோபர் கடைசிச் சனிக்கிழமை என்றேன். "அப்ப நான் வாறன்." வீட்டுக்கு நடக்கும்போது காரணம் சொன்னார். "எந்தப் பள்ளிக்கூடத்திலையும் நான் வருசம் முடியுமட்டும் நிண்டதில்லையடா. ஓட்டப்போட்டிக்குப் பேர் குடுப்பன், போட்டிக்கு முதல் இடம்பெயர்ந்திடுவம். ஒண்டையாவது துவங்கி முடிக்கோணும். இது சின்னன்தானே, முடிச்சுப்போடலாம்." எல்லாரும் ஒரு பொருட்டாக எண்ணாத அந்தக் குட்டிப் பருவத்தை, குட்டியாக இருக்கிறது என்பதற்காகவே அவர் தெரிந்தெடுத்தார்.

அடிப்பவனுக்குப் பின்னால் குந்தியிருந்து பந்தைப் பிடிக்கிற இடத்துக்கு ஆள் இல்லை. சுவிஸ் பிள்ளைகளுக்குக் கொஞ்ச நேரம் குந்தினால் முழங்கால் பிடித்துக்கொள்ளும். அக்கா மீன் வெட்டக் குந்துவது போல இலகுவாகக் குந்தினார். ட்ரெய்னர் வாயைப் பிளந்துவிட்டார். எங்கள் அணியில் நேராக எறிபவர்களும் இருந்தார்கள், நானும் இருந்தேன். ஆகவே அக்காவின் இடது உள்ளங்கை வீங்கியது. தலைமுடியைப் பின்ன முடியாமல் தவிப்பதைப் பெரியம்மா கண்டுபிடித்தார். விளையாட்டு இன்றோடு சரி என்று நான் உள்ளூர மகிழ்ந்தேன். நடுமேட்டிலிருந்து தப்ப அதுவும் ஒரு வழியல்லவா? பெரியம்மா மாலையில் கந்தோர்க் கட்டடங்கள் துப்புரவாக்கப் போகிறவர். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு வேலைப் பையிலிருந்து புது ஸ்பொஞ் ஒன்றை எடுத்து, "இதை உள்ளுக்கை வைச்சு விளையாடு" என்றார். அன்றிலிருந்து அக்காவின் கையுறை பந்தை வாங்கும்போது ஒரு தனிச் சத்தம் கேட்கும். 'பொத்'.

எப்படி எறிய வேண்டும் என்பதைப் பிடிப்பவர் விரல்களால் காட்ட வேண்டும். ஒரு விரல் என்றால் வேகம், இரண்டு என்றால் மெதுவு. பதற்றத்தில் எந்த விரலுக்கு எந்தப் பந்து என்பதே எனக்கு மறந்துபோகும். ஆகவே அக்கா விரலை விட்டுவிட்டுத் தமிழில் கத்தத் தொடங்கினார். "நேர போடு!" "மெதுவாப் போடு!" "இவன் கண்ணைப் பொத்திக்கொண்டெல்லோ விசுக்கிறான், நீ ஏன் நடுங்கிறாய்?" அந்த மைதானத்தில் எங்கள் இருவரைத் தவிர ஆருக்கு விளங்கப்போகிறது? அந்தத் துணிவில் நான் எறிந்த பந்துகள் மெல்ல மெல்ல அவர் இருந்த திசைக்கே போகத் தொடங்கின.

கடைசிச் சனிக்கிழமை எதிரணியாக ஊஸ்டர் நகரத்துப் பிள்ளைகள் வந்தார்கள். அடுத்த நாள் காலை பெரியப்பா குடும்பம் புறப்படுவதாக இருந்தது. பின்னேரம் ஏரிப் பக்கத்திலிருந்து மூடுபனி ஏறி, ஓரத்து மரங்களை விழுங்கி, என் பழைய உத்தியோக இடமான வலது கோடியையும் விழுங்கியது. நடுவர் ஆட்டத்தை நிறுத்தப் பார்த்தார். நிறுத்தினால் அடுத்த வாரம் முதலிலிருந்து ஆடலாம் என்றார். அடுத்த வாரம் அக்கா அங்கே இல்லை. அவர் முகக்கவசத்தைக் கழற்றிக்கொண்டு நடுவரிடம் போய், தனக்குத் தெரிந்த ஜெர்மன் முழுவதையும் சொன்னார்: "பிற்ற. ஃபெர்ட்டிக் மாஹன்." தயவுசெய்து, முடிப்போம். நடுவர் என்னைப் பார்த்தார், பனியைப் பார்த்தார். இன்னும் ஒரே ஒருவனை வெளியேற்றினால் ஆட்டம் முடிந்தது; நாங்கள் ஒரு புள்ளி முன்னால். சரி, இந்த ஒருவனோடு பார்ப்போம் என்றார்.

நெடுவல் பையன் ஒருவன் ஹெல்மெட்டை மூக்குவரை இறக்கிக்கொண்டு வந்து நின்றான். அக்கா கத்தினார்: "இவன் கொக்கு மாதிரி நிக்கிறான். மெதுவாப் போடு, ஏமாந்திடுவான்!" மெதுவாகப் போட்டேன். அவன் ஏமாறவில்லை. காத்திருந்து அடித்தான், கோட்டுக்கு வெளியே விழுந்ததால் தப்பினோம். பிறகு திரும்பிப் பார்க்காமலே மிக மரியாதையாகக் கேட்டான்: "கொக்கெண்டு ஆரைச் சொல்லுறியள், அக்கா?"

அடுத்த பந்துகள் மூன்றும் அகலமாகப் போயின. நான்காவதும் போனால் அவனைச் சும்மா ஓட விட்டு அடுத்தவனைக் கூப்பிட வேண்டும். அதற்கு நடுவர் பொறுக்கமாட்டார். அக்கா அவனிடம் சொல்வது எனக்குக் கேட்டது. "குறை நினையாதை தம்பி. நாங்கள் நாளைக்குப் பிரெஞ்சு பேசுற பக்கம் போறம். இதையாவது முடிச்சுப்போட்டுப் போவமெண்டு பாக்கிறன்."

"நாங்களும் இப்பதான் மாறி வந்தனாங்கள்" என்றான் அவன். நடுவர் இருவரையும் அதட்டினார்.

அக்கா என் பக்கம் திரும்பினார். "அடிச்சால் அடிக்கட்டும். தோத்தாலும் காரியமில்லை. எறியடா!" கையுறைக்குள் ஒரு குத்துவிட்டார். 'பொத்'. வெள்ளைப் பனிக்குள் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது அந்தச் சத்தம் ஒன்றுதான். சிலுவை போட மறந்து, அதை நோக்கி எறிந்தேன்.

அவன் அடித்தான். பந்து நேர் மேலே ஏறி, பனிக்குள் போய் இல்லாமற்போயிற்று. அடித்த பந்தை நிலத்தில் விழமுன் பிடித்தால் முடிந்தது. ஆனால் விழுகிற இடம் தெரிந்தால்தானே? எல்லாரும் அண்ணாந்து நின்றோம். நான் இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டேன். ஓட வேண்டிய அவனும் ஓடாமல் மேலே பார்த்தபடி நின்றான். திடீரென்று அவன்தான் கத்தினான்: "அக்கா, பின்னுக்கு! உங்களுக்குப் பின்னுக்கு!"

அக்கா இரண்டு எட்டுப் பின்னால் வைத்தார்.

'பொத்'.

அவனுடைய அணியினர் அவனைச் சூழ்ந்துகொண்டு, அவளிடம் என்னத்தைக் கத்தினாய் என்று கேட்டார்கள். "ஏசினேன்" என்று அவன் சுவிஸ் ஜெர்மனில் சொன்னதை நான் என் காதால் கேட்டேன்.

கையுறை அணியின் சொத்து; அக்கா ஸ்பொஞ்சை உருவி எடுத்துக்கொண்டு கையுறையைத் திருப்பிக் கொடுத்தார். ஸ்பொஞ்சை ஞாபகத்துக்கு வைத்திருக்கலாம் என்று எனக்கு ஒரு ஆசை இருந்தது. அடுத்த நாள் விடிய, எங்கள் வீட்டு அடுப்பையும் தாங்கள் இருந்த அறையின் யன்னலையும் பெரியம்மா அதாலேயே தேய்த்துத் துடைத்துவிட்டுக் குப்பையில் போட்டார். பிறகு வான் புறப்பட்டது. ஊஸ்டர்ப் பையனை நான் அதன் பிறகு காணவில்லை. நான் அடுத்த கோடையில் வலது கோடிக்கே திரும்பினேன். அக்கா மட்டும் மாறிவிட்டார் என்று நினைக்கிறேன். கலியாண வீடுகளில் கதிரை அடுக்குகிறவர்கள் வந்து கேட்கும்வரை அவர் எழும்பமாட்டார். பிரெஞ்சும் படித்து, தாதிப் படிப்பையும் துவங்கிய இடத்திலேயே முடித்தார்.

அன்றைக்கு நத்தார்ச் சட்டியை நான் அரைவாசி தேய்த்துப் பார்த்தேன். அடி விடுவதாக இல்லை. "ஊறட்டும் அக்கா, நாளைக்குப் பாப்பம்" என்று சொல்லி, கையைத் துடைத்துக்கொண்டு மெல்ல நழுவினேன். கதவடியில் எனக்குப் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. திரும்பினேன். அக்கா இடது உள்ளங்கையில் புது ஸ்பொஞ் ஒன்றை வைத்து, வலக்கையால் அதில் ஒரு குத்துவிட்டபடி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் சட்டிக்குத் திரும்பினேன்.