பொட்டு வைத்த கம்பி

பாலக்கரையில் எங்கள் வீட்டு மாடிப்படிக்கு மரக் கைப்பிடி. அதன் கீழே வரிசையாகக் கடைசல் கட்டைகள். வருகிறவர்கள் எல்லாம் தடவிப் பார்த்து, "இந்த மாதிரி வேலை இப்ப யாருங்க செய்றாங்க" என்பார்கள். எனக்கு எரிச்சலாக வரும். அதில் ஒரு கட்டையை உருவித்தான் என் அண்ணன் அண்ணியை அடிப்பான். படி திரும்புகிற இடத்தில் அது லூசாக இருந்தது. அடித்து முடித்ததும் பழைய துளையிலேயே பொருத்தி, ஒரு தட்டுத் தட்டிவிட்டுச் சாப்பிட உட்காருவான். எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைக்கும் ஒழுக்கம் அவனுக்கு உண்டு.

அவர்கள் மாடியில், கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்ட தங்கை நான் கீழே. சத்தம் கேட்டால் ஏறிப்போய் நடுவில் விழுவேன். எனக்கும் இரண்டு விழும். நானும் அவனைக் கடித்திருக்கிறேன், செம்பால் மண்டையில் போட்டிருக்கிறேன். அவனுக்கு உறைத்ததே இல்லை. அண்ணி ஸ்ரீரங்கத்தில் அம்மா வீட்டுக்குப் போனால், நாலு நாளில் அவர்களே ஆட்டோவில் கொண்டுவந்து விட்டுவிட்டு, காபிகூடக் குடிக்காமல் ஓடுவார்கள்.

போன ஆடியில் அண்ணியின் இடது கை உடைந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டபோது, "படியில விழுந்துட்டேங்க" என்றார். அடுத்த தடவை மண்டைதான், ஆள் மிஞ்ச மாட்டார் என்று பயந்தேன். அவனை மாற்ற முடியாது, கட்டையையாவது மாற்றலாம் என்று முடிவு செய்தேன்.

"கரையான் அரிச்சிருச்சுண்ணா, இரும்புல போட்டுடலாம்" என்றேன்.

"போடு. பாக்கவும் ஸ்டைலா இருக்கும்" என்றான்.

அண்ணியின் கைக்கட்டைப் பிரித்த பிறகு, ஒரு வெள்ளிக்கிழமை வெல்டிங் பாய் வந்தார். கட்டைகளைப் பிடுங்கும் வேலையை நான் அவரிடம் விடவில்லை. சுத்தியலால் நானே அடித்து உடைத்தேன். அந்த லூசுக் கட்டையை மட்டும் சிறாய் சிறாயாகப் பிளந்தேன். உள்ளங்கை கொப்புளித்தும் நிறுத்த மனம் வரவில்லை.

பாய் மேலும் கீழும் இரும்புப் பட்டை பொருத்தி, இடையில் கம்பிகளை நிறுத்தினார். ஒவ்வொன்றுக்கும் பற்றவைப்பில் மேலே ஒரு பொட்டு, கீழே ஒரு பொட்டு. எல்லாம் நேராக நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் முழுதாகப் பற்றவைப்பார்கள். மதியம் தொழுகைக்குக் கிளம்பும்போது, "பொட்டுதாம்மா வச்சிருக்கு. தொழுதுட்டு வந்து ஃபுல்லா அடிச்சிடறேன். அதுவரைக்கும் யாரும் இழுத்துடாதீங்க, கையோட வந்துடும்" என்றார். நானும் கேட்டேன், அண்ணியும் கேட்டார். இரும்பு வந்துவிட்ட நிம்மதியில் எனக்கு அது மண்டையில் ஏறவில்லை.

அண்ணன் குடித்துவிட்டுச் சாப்பிட வந்தான். சோற்றில் இரும்புத் தூள் கடிபட்டது. தட்டு பறந்தது. நான் ஓடி ஏறுவதற்குள் அண்ணியின் முடியைப் பிடித்துப் படி திருப்பத்துக்கு இழுத்து வந்திருந்தான். பழக்கத்தில் அவன் கை அந்த இடத்துக்கே போனது. இழுத்தான். வரவில்லை. எனக்குச் சிரிப்பே வந்தது. "இழு, இன்னும் இழு" என்றேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அவன் முடியை விட்டுவிட்டு இரண்டு கையாலும் இழுத்தான். கீழ்ப் பொட்டு பட்டென்று விட்டது, பிறகு மேல் பொட்டும்.

மரம் கையைத்தான் உடைத்தது. இது உயிரை எடுத்துவிடும். அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். முதல் அடி சுவரில் விழுந்து காரை பெயர்ந்தது. அடுத்தது என் தோளில். வலியில் பிடியை விட்டுவிட்டேன். அவன் மறுபடி ஓங்கினான். அண்ணி எப்போதும் தலையைப் பொத்திக்கொண்டு குந்திவிடுவார். அன்று குந்தவில்லை. பக்கத்துக் கம்பியை ஒரு முறுக்கு முறுக்கிப் பெயர்த்து அவன் மணிக்கட்டில் போட்டார். எலும்பு முறிகிற சத்தம் எனக்குக் கேட்டது. பிறகு முழங்காலில் ஒன்று. அவன் உருண்டு கீழே போனான். அண்ணி இறங்கிப் போய் இன்னொன்று போட்டார். நான் தடுக்கவில்லை. பார்க்க நன்றாக இருந்தது.

ஆட்டோவில் நான்தான் கொண்டுபோனேன். என்ன ஆச்சு என்று டாக்டர் கேட்டார். அண்ணன் என் முகத்தைப் பார்த்தான்.

"படியில விழுந்துட்டேன் சார்" என்றான்.

வீட்டுக்கு நான் திரும்பியபோது அண்ணி ரத்தத்தைக் கழுவிவிட்டிருந்தார். பாய் கழன்ற கம்பிகளையும் நிறுத்தி வேலையை முடிக்கப்போகும் நேரம். மேல்படியில், அடுப்படி வாசலை ஒட்டிய கம்பிக்கு அவர் வந்ததும், டீ டம்ளரோடு நின்ற அண்ணி சொன்னார்.

"அது ஒண்ணு மட்டும் பொட்டோட இருக்கட்டுங்க."

"இழுத்தா வந்துடுமேம்மா."

"தெரியுங்க."

பாய் பெயர்ந்த சுவரைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார். டீயை வாங்கிக்கொண்டார்.

கறுப்புப் பெயிண்ட் அடித்த பிறகு எல்லாக் கம்பியும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது. அண்ணனுக்குக் கைக்கட்டைப் பிரித்த அன்று, சோறு போட்டுக்கொண்டே அண்ணி அவனிடம், ஒரு கம்பி மட்டும் வெறும் பொட்டில் நிற்கிற விஷயத்தைச் சொன்னார். எந்தக் கம்பி என்று சொல்லவில்லை. அவன் இப்போதெல்லாம் கைப்பிடியைத் தொடாமல், சுவரோரமாகவே மாடி ஏறுகிறான்.