வேறொருவர் பெயரில் படுத்திருந்தேன்

என் சிறுநீர் பால் ஊற்றாத கட்டி டீயின் நிறத்தில் வந்தது. சாட்சியை இப்படித் தொடங்குவதற்காகச் சபையார் என்னை மன்னிக்க வேண்டும். என் பயம் அங்கேதான் தொடங்கியது.

போன டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பகல் ஒரு மணி இருக்கும். கொல்கத்தாவில் ஒரு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தேன். இடது கையில் ட்ரிப் ஏறிக்கொண்டிருந்தது. நர்ஸ் கொடுத்த பிளாஸ்டிக் பாட்டிலை வலது கையில் பிடித்திருந்தேன். அதில் இருந்தது என் உடம்பிலிருந்து வந்ததுதானா என்று நம்ப முடியவில்லை. தொடைகள் இரண்டும் இறுகி, தொட்டாலே உயிர் போனது. இந்தக் கட்டிலிலிருந்து இனி எழுந்திருக்க மாட்டேன் என்று நினைத்தேன்.

பாட்டிலை மூடிக் கட்டிலுக்கு அடியில், கண்ணில் படாத இடத்துக்குத் தள்ளினேன். யாரிடமும் காட்டவில்லை. ஏனென்றால் என் மணிக்கட்டில் ஆஸ்பத்திரிக்காரர்கள் கட்டியிருந்த பட்டையில் என் பெயர் இல்லை. வேறொருவர் பெயர் இருந்தது.

நான் செல்வின். நாசரேத்துக்குப் பக்கத்தில் பிறந்தவன். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. லாரியில் கிளீனராக ஏறி நாக்பூர் போனேன். பிறகு சூரத், விசாகப்பட்டினம். எந்த ஊரிலும் மூன்று வருடத்துக்கு மேல் என் கால் தங்கவில்லை. கொல்கத்தாவுக்கு வந்து பதினோரு வருடமாகிறது. லேக் மார்க்கெட்டில் ஒரு ஓட்டலில் தோசை மாஸ்டர். காளிகாட்டில் ஒரு சந்துக்குள் வாடகை அறை. ஞாயிற்றுக்கிழமைகளில் டாலிகஞ்சில் ஞானம் அக்கா வீட்டில் கூடும் தமிழ் ஜெபக் கூட்டம். அக்காவின் கணவருக்குத் துறைமுகத்தில் வேலை.

இந்த ஊரில் என்னைத் தங்க வைத்தது ஓட்டம்தான். வேலைக்கு முன்னால் ஏரியைச் சுற்றி ஓடுகிறவர்களைப் பார்த்து நானும் ஓட ஆரம்பித்தேன். ஐந்து கிலோமீட்டர் பத்தானது, பத்து இருபத்தொன்றானது. இரண்டு முழு மாரத்தான் ஓடினேன். ஊர் ஊராகப் போகவேண்டும் என்று அரித்துக்கொண்டிருந்த கால்கள் ஓடிய பிறகு அடங்கின. எனக்கு அது மருந்து மாதிரி இருந்தது. அதனால்தான் காயம் வந்தபோது அவ்வளவு பயந்தேன்.

முதலில் வலது முழங்காலுக்குக் கீழே எலும்பில் மயிரிழை விரிசல். மூன்று மாதம் ஓடக்கூடாது என்றார் டாக்டர். ஆறு வாரத்தில் ஓடினேன், விரிசல் திரும்ப வந்தது. அது ஆறியதும் இடது குதிகால் நரம்பு வீங்கியது. கல்லுக்கு முன்னால் எட்டு மணி நேரம் நின்று தோசை வார்க்கிறவனுக்குக் காலை நீட்டி ஓய்வெடுக்க எங்கே நேரம்? மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு நின்றேன், ஓடினேன். ஐம்பது கிலோமீட்டர் ஓட்டத்துக்கு இரண்டு வருடம் தொடர்ந்து பெயர் கொடுத்தேன். இரண்டு வருடமும் நொண்டிக்கொண்டு வீட்டில் இருந்தேன். மூன்றாம் வருடம் கால் தேறியபோது பதிவு முடிந்துவிட்டது.

அப்போதுதான் தபன்தா தன் ஓட்ட நம்பரைக் கொடுத்தார். ஐம்பத்திரண்டு வயது, வங்கியில் வேலை, பத்து வருடமாகச் சர்க்கரை வியாதி. என்றாலும் நன்றாக ஓடுவார். ஏரியில் ஓடும் எங்கள் கூட்டத்துக்கு அவர்தான் பெரியவர். வங்காள வழக்கப்படி அவரை நாங்கள் தாதா என்றும், பெயரோடு 'தா' போட்டும் அண்ணனாகக் கூப்பிடுவோம். ஓடி முடித்ததும் எங்கள் ஓட்டலுக்கு வருவார். அவருக்குத் தெரிந்த தமிழ் ஒரே வார்த்தை, சட்னி. டெங்கு வந்து படுத்துவிட்டதால் அந்த வருடம் அவரால் ஓட முடியவில்லை.

"எடுத்துக்கோ அன்னா," என்றார். தெற்கத்தி ஆள் எல்லோரும் அவருக்கு அன்னாதான். "வீணாப் போறதுக்கு நீ ஓடு. நெஞ்சுல குத்திக்கிட்டா நம்பர்தான் தெரியும், மூஞ்சியையா பார்க்கப் போறான்?"

ஒருவர் நம்பரில் இன்னொருவர் ஓடக்கூடாது என்பது விதி. ஓடுகிறவர்களுக்குள் இது சகஜம். யாரும் இதைப் பாவம் என்று நினைப்பதில்லை. நானும் நினைக்கவில்லை. அந்த நம்பர் அட்டையின் பின்பக்கத்தில் இரத்த வகை, வியாதி, ஆபத்துக்குக் கூப்பிட வேண்டிய போன் எண் எல்லாம் எழுத வேண்டும். தபன்தா தன்னுடையதை எழுதி வைத்திருந்தார். அதைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் நெஞ்சில் குத்திக்கொண்டேன். ஞானம் அக்காவிடம், ஞாயிறு ஓட்டலில் வேலை இருக்கிறது, ஆராதனைக்கு வரமுடியாது என்று பொய் சொன்னேன்.

பத்துப் பத்து கிலோமீட்டராக ஐந்து சுற்று. புறப்படும் முன் இரண்டு வலி மாத்திரை போட்டேன். இரண்டாவது சுற்றில் குதிகால் எரிந்தது. ஒன்று போட்டேன். மூன்றாவது சுற்று முடிவில் இன்னும் இரண்டு. டிசம்பர் என்றாலும் வெயில் ஏறிவிட்டது. தண்ணீர் குடித்தால் குமட்டியது, அதனால் குடிக்கவில்லை. நாற்பத்து மூன்றாவது கிலோமீட்டர் வரை நினைவிருக்கிறது. பிறகு தார் ரோடு முகத்துக்கு நேரே எழும்பி வந்தது.

மருத்துவக் கூடாரத்தில் அட்டையைத் திருப்பிப் படித்திருக்கிறார்கள். சர்க்கரை வியாதிக்காரர், சர்க்கரை இறங்கியிருக்கும் என்று இனிப்புத் தண்ணீரை வாயில் ஊற்றியிருக்கிறார்கள். தேறவில்லை என்றதும் ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். கண் விழித்தபோது ஒரு டாக்டர் என் கன்னத்தைத் தட்டி, "தபன் பாபு, தபன் பாபு" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் "ஹாங்", ஆமாம், என்றேன். அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டேன்.

"இன்னைக்கு வலி மாத்திரை ஏதாவது சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன். மாத்திரையைச் சொன்னால் காயத்தைச் சொல்ல வேண்டும், காயத்தைச் சொன்னால் நான் யார் என்று சொல்ல வேண்டும். அப்படித்தான் என் மூளை ஓடியது. இரத்தம் எடுத்துக்கொண்டு போனார்கள். முடிவு வர நேரமாகும் என்றார்கள். வலியில் நான் கத்தியதைப் பார்த்து, ஊசி எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு அவர் போனார். பிறகுதான் அந்தப் பாட்டில்.

ஆபத்து எண்ணுக்குப் போன் போயிருக்கிறது. அது அவர் வீட்டு எண், எடுத்ததே தபன்தாதான். மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். தலையில் குரங்குக் குல்லா, கழுத்தில் மஃப்ளர், டெங்குவில் பாதியாகிப்போன உடம்பு. கட்டிலுக்குப் பக்கத்தில் குனிந்து இந்தியும் வங்காளமுமாகக் கிசுகிசுத்தார்.

"ஆரே பாபா, வாயைத் திறந்துடாதே. கீழே நான் உன் தம்பின்னு கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"தம்பியா? உங்களுக்கு என்னைவிடப் பத்து வயசு ஜாஸ்தி, தாதா."

"வியாதியில வயசாயிடுச்சுன்னு நினைச்சுக்குவாங்க. கேளு, ரெண்டு நாள் நீ தபனா இரு. வெளியே வந்ததும் செல்வினா ஆயிடு. விஷயம் தெரிஞ்சா ரெண்டு பேரையும் ஓட்டத்துலேருந்து தூக்கிடுவான். நான் கமிட்டியில வேற இருக்கேன். நம்பரை மாத்தாதீங்கன்னு மேடையில பேசினவனே நான்தான்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "தாதா, ஒண்ணுக்கு கறுப்பா போகுது," என்றேன்.

அவர் முகம் மாறியது. "டாக்டர்கிட்ட சொன்னியா?"

"இல்ல."

வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு, "சரியாயிடும், தண்ணி குடி," என்று சொல்லிவிட்டு வெளியே போய் உட்கார்ந்தார். அவருக்கும் பயம்.

நான் ஜெபித்தேன். அந்த ஜெபத்தை மறைக்காமல் சொல்கிறேன். "ஆண்டவரே, யாருக்கும் தெரியாமல் என்னைக் காப்பாற்றிவிடும்." இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன். ஜெபம் கூரைக்கு மேலே போகவில்லை என்று தோன்றியது. இடுப்பில் கட்டியிருந்த ஓட்டப் பையிலிருந்து போனை எடுத்து ஞானம் அக்காவைக் கூப்பிட்டேன். ஆஸ்பத்திரியில் இருக்கிறேன், ஜெபியுங்கள் என்று மட்டும் சொன்னேன். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டார்கள். சொன்னேன். மற்றது எதையும் சொல்லவில்லை.

ஒரு மணி நேரம் கழித்து அக்காவே கூப்பிட்டார்கள். குரல் உடைந்திருந்தது.

"செல்வின், எங்கப்பா இருக்க? நான் கீழதான் நிக்கேன். மூணு தடவை பார்க்கச் சொல்லிட்டேன். உன் பேர்ல அப்படி ஒரு ஆளே இங்க இல்லங்கான். பிணவறைப் பக்கம் போயி கேளுங்கன்னு ஒருத்தன் சொல்லுதான்ப்பா."

போன் கையிலிருந்து போர்வையில் விழுந்தது. என்னைத் தேடி வந்த ஒரே மனுஷி கீழே நிற்கிறார்கள். நான் அந்தக் கட்டடத்தில் இல்லை. நான் செத்தால் தபன் என்று எழுதி மூட்டை கட்டுவார்கள். என் உடம்பைக் கேட்டு வருகிறவர்களுக்கு அப்படி ஒரு ஆளே இல்லை என்பார்கள். ஊர் ஊராக எத்தனையோ வருடம் தனியாக அலைந்திருக்கிறேன். அப்படி ஒரு பயம் எனக்கு எங்கும் வந்ததில்லை.

"ஆண்டவரே, என்னைக் கண்டுபிடியும்," என்றேன். அது என் இரண்டாவது ஜெபம். வாயிலிருந்து தானாக வந்தது.

அந்த வார்த்தை முடிவதற்குள் நர்ஸ் ஒரு தட்டோடு வந்து நின்றார். இளம் பெண். தட்டில் வலி ஊசி. ஊசியில் மருந்தை ஏற்றி, குமிழியைத் தட்டினார். பிறகு என் கையைப் பிடித்து, பட்டையை மூடினாற்போல விரலை வைத்துக்கொண்டு வங்காளத்தில் கேட்டார்.

"உங்க பேரைச் சொல்லுங்க."

"பட்டையில இருக்கே," என்றேன்.

"நான் படிக்கக் கூடாது. நீங்கதான் சொல்லணும். அதுதான் முறை. சொன்னாத்தான் ஊசி போடுவேன்."

ஒவ்வொரு ஊசிக்கும் ஒவ்வொரு நோயாளியிடமும் அவர்கள் கேட்கிற கேள்வி அது. எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த நேரத்தில் அது நர்ஸின் குரலாக என் காதில் விழவில்லை. தபன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். நாக்கு எழும்பவில்லை.

"செல்வின்," என்றேன். "என் பேர் செல்வின். இது என் பட்டை இல்லை, சிஸ்டர். எனக்குச் சுகர் கிடையாது. காலையிலிருந்து அஞ்சு வலி மாத்திரை முழுங்கியிருக்கேன். கட்டிலுக்கு அடியில பாட்டில் இருக்கு, பாருங்க."

அவர் குனிந்து பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். ஊசியைத் தட்டிலேயே வைத்துவிட்டு டாக்டரைக் கூப்பிட ஓடினார்.

டாக்டர் திட்டினார். நன்றாகவே திட்டினார். தசைகள் சிதைந்து இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைத்துக்கொண்டிருக்கின்றன என்றார். வலி மாத்திரைகள் அதன்மேல் இன்னொரு அடி. "இந்த ஊசியும் அதே ஜாதி மருந்துதான். இதையும் போட்டிருந்தா உன் கிட்னி அப்படியே நின்னுபோயிருக்கலாம். உனக்குப் புரியுதா?" என்றார். புரிந்தது. இரத்த முடிவும் வந்தது. சிறுநீரகக் கெடுதலைக் காட்டும் எண் அவர் பயந்தபடியே ஏறியிருந்தது. குறையவில்லை என்றால் டயாலிசிஸ் என்றார்.

பட்டையை வெட்டி எடுத்துவிட்டு என் பெயரில் புதிதாகக் கட்டி, கீழே பதிவிலும் பெயரை மாற்றினார்கள். கொஞ்ச நேரத்தில் ஞானம் அக்கா மேலே வந்தார்கள். அழுதுகொண்டே, "ஆராதனைக்கு வராம இங்க வந்தா படுத்திருக்க?" என்று என் தோளில் ஒரு அடி வைத்தார்கள். பிறகு தலையில் கை வைத்து ஜெபித்தார்கள். வாசலில் நின்ற தபன்தா குல்லாவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

மூன்று நாள் பாட்டில் பாட்டிலாக உப்பு நீர் ஏற்றினார்கள். காலையும் மாலையும் இரத்தம் எடுத்தார்கள். முதல் நாள் எண் ஏறியது. இரண்டாம் நாள் அங்கேயே நின்றது. அந்த இரண்டு நாளும் நான் தைரியமாக இருந்தேன் என்று சொன்னால் பொய். யாராவது செருப்புச் சத்தத்தோடு நடந்து வந்தாலே டயாலிசிஸுக்குத்தான் கூட்டிப்போக வருகிறார்கள் என்று போர்வையைப் பிடித்துக்கொள்வேன். மூன்றாம் நாள் பகலில் எண் இறங்கியது. அந்த நர்ஸ் வந்து, "செல்வின் பாபு, இனி தண்ணி நிறையக் குடிங்க, பயம் வேண்டாம்," என்றார். என் பெயரை அவர் சொன்னபோது அழுதுவிட்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகு ஓட்டத்தை நடத்தியவர்களிடம் நேரில் போய் நடந்ததைச் சொன்னேன். இரண்டு வருடம் என்னை எடுக்கமாட்டோம் என்றார்கள். சரி என்றேன். தபன்தா கமிட்டியிலிருந்து விலகினார். ஒரு மாதம் ஓட்டல் பக்கமே வரவில்லை. பிறகு ஒரு காலையில் வந்து, "சட்னி," என்றார். கொடுத்தேன். இப்போது இருவரும் ஏரியைச் சுற்றி நடக்கிறோம். டாக்டர் விடும்போது ஓடுவேன். வலித்தால் நிறுத்துவேன். வலி மாத்திரை தொடுவதில்லை.

நான் முதலில் கேட்டபடி, யாருக்கும் தெரியாமல் ஆண்டவர் என்னைக் காப்பாற்றவில்லை. அப்படிக் காப்பாற்றியிருந்தால் அடுத்த வருடமும் ஏதோ ஒரு பெயரில் ஓடிப்போய் விழுந்திருப்பேன். என்னைக் கண்டுபிடியும் என்று கேட்டபோதுதான் பதில் வந்தது. அதற்கு அவருக்கு ஸ்தோத்திரம்.

இதை வாசிக்கிறவர்களில் யாராவது டாக்டரிடமோ வீட்டாரிடமோ ஒன்றை மறைத்துக்கொண்டு, அதே நேரத்தில் ஜெபித்துக்கொண்டும் இருக்கலாம். அது எவ்வளவு தனிமை என்று எனக்குத் தெரியும். ஆண்டவரிடம் அதைச் சொல்லுங்கள், உங்கள் பெயரைச் சொல்லியே சொல்லுங்கள். தனியாகச் சொல்லப் பயமாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை டாலிகஞ்சுக்கு வாருங்கள். நான் கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். பக்கத்தில் வந்து உட்காருங்கள். நானும் பயந்தவன்தான். சேர்ந்து ஜெபிப்போம்.